மலையில் ஒரு ராத்திரி தங்குவது பற்றி

என் தம்பிக்குக் குழந்தை பிறந்த செய்தி ஒரு தபால் கார்டில் வந்தது. நான்கே வரி. பெண் குழந்தை, இருவரும் நலம், அம்மாவிடம் சொல்லவும், அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். ரகசியத்தைக் கார்டில் எழுதி அனுப்புகிறவனை என்ன சொல்ல? தபால்காரர் கார்டை என் கையில் கொடுக்கும்போதே, "பொண்ணு பொறந்திருக்குதாமே டீச்சரம்மா" என்று சிரித்தார்.

அப்போது நான் ஓசூரில் ஓர் ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருந்தேன். என் கணவர் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மொழிவாரியாக ராஜ்யங்களைப் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் மைசூர்ப் பக்கம் போகுமா சென்னைப் பக்கமே இருக்குமா என்று அவர் கடை வாசலில் தினமும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. என் பிறந்த வீடு பாகலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பாவுக்கு அங்கே நிலமும் கிணறும் இருந்தன.

தம்பி அந்த நிலத்தை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் நிலத்தில் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்த குடும்பம் ஒன்று உண்டு. கன்னடம் பேசுகிறவர்கள். அந்த வீட்டுப் பெண்ணைத்தான் அவன் கல்யாணம் செய்துகொண்டான். கல்யாணம் முடிந்த மறுவாரமே காட்டிலாகாவில் காவலர் வேலை கிடைத்து, தேன்கனிக்கோட்டைக்கு மேலே மலையில் ஒரு சின்ன ஊருக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. அவன் பெயரைச் சொல்வதை நிறுத்தினார், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் பெற்றோர் பயந்துபோய் ஊரைவிட்டே கிளம்பி மாலூர்ப் பக்கம் போய்விட்டார்கள்.

குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று அம்மா சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். இதில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒன்றரை மாதம் பேசினோம்.

மலைக்கு பஸ் கிடையாது. மூங்கில் ஏற்றப் போகும் லாரி ஒன்று காலையில் தேன்கனிக்கோட்டையிலிருந்து கிளம்பும். லோடு ஏற்றிக்கொண்டு மூன்று மணிக்கு இறங்கிவிடும். யானை நடமாட்டம் இருந்ததால் அதற்கு மேல் ஒரு நிமிஷம் நிற்காது. ஓசூரில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் மலையில் மூன்று மணி நேரம் கிடைக்கும். அன்றைக்கே திரும்பலாம். இல்லையென்றால் ஒரு ராத்திரி தங்கி மறுநாள் லாரியில் வரலாம். இந்த இரண்டில் ஒன்றைத்தான் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

முதலில் தம்பிக்கு எழுதிக் கேட்டேன். அவன் சந்தை நாளில் தேன்கனிக்கோட்டைக்கு இறங்கும்போதுதான் கடிதத்தை வாங்குவான், பதிலையும் போடுவான். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. "வந்தால் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும். எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவதற்கு இது காட்சிசாலை இல்லை. தங்க முடியாது என்றால் வர வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் பேசினேன். அம்மாவுக்குத் தைரியம் இல்லாததால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. அப்பா கிணற்று மேட்டில் நின்று தண்ணீர் பாய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்:

"காட்டைப் பாக்கணும்னா போய்ப் பாத்துட்டு வாங்க. யாரு வேணாம்னாங்க? பொழுது சாய வந்துரணும்."

"காட்டைப் பாக்க இல்லப்பா. அவனுக்கு..."

"காட்டைத்தான் பாக்கப் போறீங்க. ராத்திரி அங்க தங்கறவங்க அங்கயே இருந்துக்கலாம்."

மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டார். நான் அம்மாவிடம் வந்து சொன்னேன்.

"அப்ப காலைல போயிட்டு சாயங்காலம் வந்துருவோம்," என்றாள் அம்மா.

"அவன் தங்கலைன்னா வராதேன்றானே?"

"அப்ப தங்கித்தான் ஆவணும்."

"அப்பா விட மாட்டார்."

"அப்ப வேணாம்."

சொல்லிவிட்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு, "குழந்தை யாரு சாயல்ல இருக்குதுன்னு எழுதினானா?" என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

வீட்டுக்கு வந்தால் கணவர் வேறு ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். அவருடைய தங்கைக்குக் கிருஷ்ணகிரியில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருமுறை வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இந்தா பாரு," என்றார். "பகல்ல போயிட்டு வந்தா, மலை பாக்கப் போனோம்னு சொல்லிக்கலாம். ராத்திரி தங்கிட்டா யாரு வீட்ல தங்கினீங்கன்னு கேப்பாங்க. யாரு கையால சாப்பிட்டீங்கன்னு கேப்பாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு வாழ்க்கைய நினைச்சுப் பாரு."

"என் தம்பி வீடுங்க அது."

"நான் இல்லன்னா சொன்னேன்? எனக்கென்ன, நான்கூட வந்து தங்குவேன். உலகம் அப்படி இல்லையே."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவர் சொன்னதில் கால்வாசி நியாயம் இருந்தது, அந்தக் கால்வாசி நியாயம் என் கையையும் காலையும் கட்டிப்போட்டது.

தம்பிக்கு நான் மறுபடி எழுதினேன். இந்த முறை அப்பாவிடம் பேசி வழிக்குக் கொண்டுவருகிறேன், கட்டாயம் தங்குவோம், ஒரு ராத்திரி தங்கினால் என்ன குடிமுழுகிப் போகிறது, நீ கோபப்படாதே என்று இரண்டு பக்கம் எழுதினேன். எழுதும்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். "சந்தோஷம். அவளிடம் சொல்லிவிட்டேன்" என்று பதில் வந்தது. ஆனால் அப்பாவிடம் நான் பேசவில்லை. கணவரிடம் பேசத் தொடங்கினால் அவர் தங்கையின் பெயரைச் சொன்னார், நான் நிறுத்திக்கொண்டேன். நாள் மட்டும் குறித்தாகிவிட்டது.

சனிக்கிழமை பொழுது இறங்கும் நேரத்தில் அப்பாவே வண்டி கட்டி அம்மாவைக் கொண்டுவந்து எங்கள் தெருமுனையில் விட்டார். வீட்டுக்குள் வரவில்லை. "நாளைக்குச் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கும்," என்று மாட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா ஒரு துணிமூட்டை வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தேன். குழந்தைக்கு இரண்டு சட்டை, வசம்பு, ஒரு புட்டி விளக்கெண்ணெய், அம்மாவுக்கு ஒரு மாற்றுப் புடவை.

"தங்கறதுக்கா புடவை?" என்றேன்.

"குழந்தை நனைச்சிட்டா மாத்திக்க வேணாமா?"

"அம்மா, தங்கறோமா இல்லையா? ஒண்ணு சொல்லு."

"போய்ப் பாத்துக்கலாம். இப்பவே என்னத்துக்கு?"

ஒன்றரை மாதமாக எல்லாருடைய பேச்சையும் சுமந்துகொண்டு அங்கும் இங்கும் நடந்தவள் நான். இவளோ போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள். நான் பேசாமல் எனக்கும் ஒரு மாற்றுப் புடவையை எடுத்துப் பைக்குள் வைத்தேன். கணவர் அதைப் பார்த்தார். 

மறுநாள் முதல் பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அன்றைக்குச் சரியாக நடந்தது அது ஒன்றுதான். தேன்கனிக்கோட்டையில் லாரி டிரைவர் எங்களை முன்னால் உட்கார வைத்தார். தம்பியைத் தெரியும் என்றார், நல்ல மனுஷன் என்றார். பாதி மலை ஏறியதும் ரேடியேட்டர் கொதித்து, லாரி வளைவில் நின்றுவிட்டது. டிரைவர் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடைக்குத் தண்ணீர் தேடிப் போனார். மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்ததால் பக்கத்து ஓடை காய்ந்து கிடந்தது. அவர் எங்கெங்கோ அலைந்து தண்ணீரோடு திரும்பி, ரேடியேட்டர் ஆறி, மறுபடி கிளம்பும்போது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது.

அந்த ஒன்றரை மணி நேரமும் நான் சாலையில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். சுற்றிலும் என்ன மரம் இருந்தது, எந்தப் பறவை கத்தியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூன்று மணி நேரத்தில் எவ்வளவு மிச்சம் என்ற ஒரே எண்ணம்தான். அம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து நெல்லிக்காயைத் துடைத்துத் துடைத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

"உனக்குக் கவலையே இல்லையா?" என்று கேட்டேன்.

"நான் கவலப்பட்டா தண்ணி வந்துருமா?" என்றாள்.

மலையூரில் இறங்கும்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. "மூணு மணிக்கு ஹாரன் அடிப்பேன் அம்மா. நிக்க மாட்டேன்," என்று சொல்லிவிட்டு டிரைவர் மூங்கில் அடுக்கியிருந்த இடத்துக்குப் போனார்.

தம்பி இரண்டு மணி நேரமாக வாசலிலேயே நின்றிருந்தான் என்று பிறகு தெரிந்தது. காக்கிச் சட்டை, ஒட்டிப்போன கன்னம். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே என்னிடம் கேட்டான்:

"தங்கறீங்கதானே?"

"முதல்ல வீட்டுக்குள்ள விடுடா. வந்த காலோட இதுவா கேள்வி?"

"எழுதினியேக்கா. கட்டாயம் தங்குவோம்னு எழுதினியே."

"எழுதினேன். எங்க நிலைமை உனக்குத் தெரியாதா?"

"அதான பாத்தேன்." அவன் வாசலை அடைத்துக்கொண்டு அப்படியே நின்றான். "ரெண்டு நாளா ஒருத்தி வீடு வீடாப் போய்க் கம்பளி கேட்டு வாங்கி வச்சிருக்கா. நீங்க லாரி இறங்கறதுக்கு முன்னாடியே லாரி ஏறப் போறீங்க."

நான் பதிலுக்குக் கத்தினேன். உனக்கு என்ன, மலை மேல் வந்து உட்கார்ந்துகொண்டாய், கீழே இருந்து எல்லாருக்கும் பதில் சொல்கிறவள் நான் என்றேன். நாங்கள் இருவரும் முற்றத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் வயலில் களை எடுத்தபோது பார்த்த அதே முகம். இன்னும் கொஞ்சம் மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்து, "வாங்க அக்காவ்ரே" என்றாள். அம்மாவைப் பார்த்து, "வாங்க அம்மாவ்ரே" என்றாள். எங்கள் வீட்டில் கூலிக்கு வந்தபோது எப்படிக் கூப்பிட்டாளோ அப்படியே.

அம்மா அவளைப் பார்க்கவில்லை, குழந்தையையும் பார்க்கவில்லை. முற்றத்தின் ஒரு மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே மூன்று கல் வைத்துப் புது அடுப்பு ஒன்று கூட்டியிருந்தது. பக்கத்தில் சுள்ளிக் கட்டு. இன்னும் அடுப்பில் ஏற்றாத புது மண்பானை இரண்டு, ஒரு முறத்தில் அரிசி, பருப்பு, நாலு கத்தரிக்காய், மூடி வைத்த ஒரு குடம் தண்ணீர்.

"இந்த அடுப்பு யாருக்கு?" என்று அம்மா கேட்டாள்.

"உங்களுக்குத்தான் அம்மாவ்ரே. நீங்களே பொங்கிக்கலாம். பானை புதுசு. தண்ணி பக்கத்து வீட்டம்மா கொண்டாந்து வச்சாங்க. நான் தொடல."

எங்கள் சண்டை நின்றுவிட்டது. அம்மா தம்பியைப் பார்த்தாள்.

"நீ செய்யச் சொன்னியாடா?"

"இல்லம்மா. வேணாம்னுதான் சொன்னேன். கேக்கல."

அம்மா துணிமூட்டையைக் கீழே வைத்தாள். பிறகு அந்தப் பெண்ணிடம் போய்க் குழந்தையை வாங்கிக்கொண்டாள். "அம்மாவ்ரே எல்லாம் வேணாம். அத்தைன்னு கூப்பிடு," என்றாள். அதில் கனிவு ஒன்றும் இல்லை. ஆடு பயிரில் இறங்கிவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "உள்ள என்ன ஆக்கி வச்சிருக்க?"

"களிதான்... அவரைக்கொட்டைச் சாறு."

"போடு. காலைலேந்து நெல்லிக்கா தின்னு வயிறு எரியுது."

தம்பியை ஒதுங்கச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் வாசற்படியில் நின்று பார்த்தேன். அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, அந்தப் பெண் வைத்த களியைச் சாற்றில் தொட்டு விழுங்கினாள். உப்பு கொஞ்சம் குறைவு என்றாள். தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான்.

எனக்கும் தட்டு வைத்தார்கள். பசிக்கவில்லை என்று சொன்னேன். நான் சொன்ன பொய்களிலேயே அவ்வளவு சீக்கிரம் பிடிபட்ட பொய் வேறு இல்லை. அந்தப் பெண் வற்புறுத்தவில்லை. ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பற்றிக் கேட்டேன், பால் குடிக்கிறதா, தூங்குகிறதா என்று கேட்டேன். அவளும் பதில் சொல்லிக்கொண்டே என் கையில் இருந்த சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் கையால் சாப்பிட்டீங்க என்ற கணவரின் கேள்வி என் காதுக்குள் இருந்தது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. கணவர் மட்டுமே காரணம் என்றால் அந்த மலை மேல் அவரா பார்த்துக்கொண்டிருந்தார்? பிள்ளைகளுக்கு எல்லாரும் ஒன்று என்று போர்டில் எழுதிக் காட்டுகிறவள் நான். சொம்பு உதடு வரை போகவில்லை.

ஹாரன் அடித்தது. சொம்பைச் சுவர்ப் பிறையில் வைத்தேன்.

"அம்மா, கிளம்பு."

"நீ போ," என்றாள் அம்மா. "நான் நாளைக்கு வர்றன். இல்லன்னா அதுக்கடுத்த நாளு."

"அப்பா வண்டியோட நிப்பாரு. நான் என்ன சொல்றது?"

"அம்மா வரலைன்னு சொல்லு. நான் வராதது அவருக்கே தெரியுமே, கண்ணு இருக்குது இல்ல."

மறுபடி ஹாரன். நானும் தங்கிவிடலாம். பையில் புடவை இருக்கிறது. பள்ளிக்கு லீவு சொல்லி அனுப்பலாம். நாத்தனாரின் கிருஷ்ணகிரி வரன் நினைவுக்கு வந்தது. தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது கோபம்கூட இல்லை.

"நீ போக்கா," என்றான். "லாரி நிக்காது."

லாரி வரை அந்தப் பெண் கூட வந்தாள். ஒரு பூசணிக்காயைக் கொடுத்தாள். "சமைக்காதது," என்றாள். குத்தலாகச் சொன்னாளா, கள்ளம் இல்லாமல் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மூங்கில் லோடு பின்னால் கிறீச் கிறீச் என்று உரச, மலை இறங்கும் வரை நான் எல்லார் மேலும் கோபப்பட்டேன். கார்டு எழுதியவன் மேல், காடு பார்க்கப் போங்கள் என்றவர் மேல், உலகம் அப்படி இல்லை என்றவர் மேல். தங்குவதா திரும்புவதா என்று ஒன்றரை மாதம் என்னை அலைய விட்டுவிட்டு, ஒரு நிமிஷத்தில் தங்கிவிட்ட அம்மா மேல்தான் அதிகம். முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் நானும் அதற்குத் தகுந்த மாதிரி என்னைத் தயார் செய்துகொண்டிருப்பேன் என்று நினைத்தேன். அடுப்பைப் பார்க்கும் வரை அவளுக்கே தெரியாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஓசூர் பஸ் ஸ்டாண்டில் அப்பா வண்டியோடு நின்றிருந்தார். இன்னும் வெளிச்சம் இருந்தது. பஸ்ஸிலிருந்து நான் மட்டும் இறங்குவதைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இறங்கியவர்களையும் கடைசி ஆள் வரை பார்த்தார்.

"அம்மா தங்கிட்டாங்கப்பா. ரெண்டு நாள்ல வருவாங்க."

"நீ?"

"நான் வந்துட்டேன்."

அதைக் கேட்டு அவர் என்னைப் பாராட்டுவார் என்று எனக்குள் ஒரு மூலையில் எதிர்பார்ப்பு இருந்திருக்கிறது. அவர் மாட்டின் கயிற்றை இழுத்துத் திருப்பினார். "அங்க குளிரும்," என்று மட்டும் சொன்னார். சொன்னது என்னிடமா என்று தெரியவில்லை. வண்டி போய்விட்டது.

அம்மா நான்காம் நாள்தான் வந்தாள். அப்பா அவள் ஆக்கியதைத் தொடாமல் பத்துப் பதினைந்து நாள் தானே பொங்கித் தின்றார். அம்மா கெஞ்சவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. தன் பங்குக்கு ஆக்கி, தான் தின்று, வேலையைப் பார்த்தாள். ஒரு நாள் அவருக்குக் கையில் கட்டி வந்து விறகு ஒடிக்க முடியவில்லை. பேசாமல் வந்து தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அத்தோடு அது முடிந்தது. ஊர் ஏதோ பேசியது, பிறகு வேறு ஏதோ பேசியது.

கிருஷ்ணகிரி வரனும் அந்த மாதமே தட்டிப்போயிற்று. மலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெண் உயரம் போதாது என்று சொல்லிவிட்டார்கள். கணவர் அன்று கடையை மூடிவிட்டு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீ தங்கிட்டே வந்திருக்கலாம்," என்றார். நான் கையில் இருந்த கரண்டியைப் பாத்திரத்துக்குள் வீசிவிட்டு வெளியே போய் நின்றேன்.

தம்பிக்கு நான் எழுதிக்கொண்டேதான் இருந்தேன். அவனும் பதில் போட்டான். மழை, யானை, குழந்தைக்குப் பல் முளைத்தது எல்லாம் எழுதினான். வா என்று மட்டும் எழுதவில்லை. நானாக வருகிறேன் என்று எழுதுவதற்கு எனக்குக் கை வரவில்லை.

அம்மா அதற்குப் பிறகு வருஷத்துக்கு மூன்று நான்கு முறை போய்வந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. அப்பாவிடம் காலையில் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவாள். எனக்கோ அவள் திரும்பி வந்த பிறகுதான் தெரியும். ஒருமுறை அப்படித் திரும்பும் வழியில் அவள் என் வீட்டில் தங்கியிருந்தபோது, பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஓசூர் வழியாத்தான போற? ஒரு வார்த்தை சொன்னா நானும் வருவேன் இல்ல?"

அம்மா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை, கேலியும் இல்லை.

"நீ எல்லாரையும் கேட்டு முடிச்சு வர்றதுக்குள்ள அந்தக் குழந்தைக்குக் கல்யாணமே ஆயிடும்," என்றாள்.

 அவளை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டு, மணி அடிப்பதற்குள் பள்ளிக்கு ஓடினேன்.